வடக்கு வாசலும் பழைய பதிவேடும்: ஒரு சிற்றூர்ப் பங்கு தன் வரலாற்றை எழுதியபோது

பின்னணி

தென் தமிழகத்தின் மானாவாரிப் பகுதியில், ஒரு கண்மாயை நம்பியிருக்கும் சிற்றூர் அது. மாதா பெயரில் ஒரு கோயில், அதைச் சுற்றி ஊர்த்தெரு, ஓடைக்கு அந்தப் பக்கம் கீழத்தெரு, தள்ளித் தள்ளிச் சில கிளைக் கிராமங்கள். பங்கு என்பது ஒரு குருவின் பொறுப்பில் இருக்கும் கத்தோலிக்கச் சமூகம். எங்கள் ஊர் நெடுங்காலம் வேறொரு தாய்ப்பங்கின் கிளையாக இருந்து, பின்னால் தனிப்பங்கு ஆனது. கோயில் நூற்றாண்டுக்கு ஒரு மலர் போட வேண்டும் என்று பங்குப் பேரவை முடிவெடுத்தபோது தொகுப்புக் குழுவில் என்னையும் சேர்த்தார்கள். அந்த வேலை எப்படி நடந்தது, எங்கே முட்டிக்கொண்டது, என்ன முடிவெடுத்தோம், அப்புறம் என்ன ஆயிற்று என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். தங்கள் ஊர் வரலாற்றை எழுத நினைக்கும் மற்றப் பங்குகளுக்கு இது பயன்படும். ஊர்ப்பெயரையும் ஆட்பெயர்களையும் விட்டிருக்கிறேன். காரணம் பின்னால் வரும்.

பங்கு மலர் எப்படி இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். முதலில் ஆயரின் வாழ்த்து, அடுத்து பங்குத்தந்தையர் பட்டியல், கொடிமரம் கொடுத்தவர், மணி கொடுத்தவர், பீடம் கட்டிக் கொடுத்தவர் படங்கள், கடைசியில் நகைக்கடை, சிமெண்ட் கடை விளம்பரங்கள். எங்கள் பேரவையும் முதலில் அப்படி ஒன்றைத்தான் மனதில் வைத்திருந்தது. அதில் தவறில்லை. ஆனால் மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு இருந்துவிட்டு மாறிப் போகும் சாமியார்களை மட்டும் வரிசையாக எழுதினால், இங்கேயே பிறந்து இங்கேயே மண்ணுக்குள் போனவர்கள் எந்தப் பக்கத்தில் வருவார்கள் என்ற கேள்வி குழுவுக்குள் சீக்கிரமே எழுந்தது. அந்தக் கேள்விதான் வேலையைத் திசைமாற்றியது.

இந்தப் பகுதிக்குக் கத்தோலிக்கம் வந்தது மதுரை மிஷன் வழியாக. சேசு சபை என்ற துறவற சபையின் குரு இராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்ததோடு தொடங்கிய மிஷன் அது. மறவர் நாட்டில் மக்கள் அருளானந்தர் என்று அழைக்கும் ஜான் தெ பிரிட்டோ 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்தார். 1773இல் திருத்தந்தை 14ஆம் கிளமெண்ட் சேசு சபையையே கலைத்துவிட்டார். 1814இல் சபை மீண்டும் நிறுவப்பட்டாலும், பிரெஞ்சு சேசு சபையினர் மதுரைப் பக்கம் வந்து சேர 1830களின் கடைசி ஆகிவிட்டது. நடுவில் இருந்த அந்த இரண்டு தலைமுறைக் காலம் சிற்றூர்களைத் தாங்கியவர்கள், எப்போதாவது வந்துபோன கோவா குருக்களும் ஊரோடு இருந்த உபதேசியார்களும்தான். ஜெபம் சொல்லிக் கொடுத்ததும், சாகக் கிடந்தவர் பக்கத்தில் உட்கார்ந்ததும், அடக்கத்துக்கு மந்திரம் சொன்னதும் உபதேசியார்கள். மலர்களில் அவர்களுக்கு ஒரு பத்திகூடக் கிடைப்பதில்லை.

முதல் சிக்கல்: எந்த ஆண்டு?

கோயில் வாசலில் உள்ள கல்வெட்டு 1920களைச் சொல்கிறது. அதை வைத்துத்தான் நூற்றாண்டு என்று அறிவித்திருந்தார்கள். ஆனால் ஊர்த்தெருவில் இருந்த மூத்த பாட்டி ஒருவர் முதல் சந்திப்பிலேயே அதை ஒப்புக்கொள்ளவில்லை. "இது கல்லுக் கோயில் கட்டுன கணக்குப்பா. எங்க அம்மாச்சி கல்யாணம் ஓலைக் கோயில்ல நடந்துச்சு" என்றார்.

பேரவையில் வேறு சிலர் எதிர்ப்பக்கம் இழுத்தார்கள். அருளானந்தர் இந்தப் பக்கம் வந்து கண்மாய்க்கரைப் புளியமரத்தடியில் தங்கினார், ஆகையால் ஊருக்கு முந்நூறு ஆண்டுக்கு மேல் வரலாறு என்று போட வேண்டும் என்றார்கள். ஓரியூரைச் சுற்றிய ஊர்களில் இப்படி ஒரு மரமோ கல்லோ கிணறோ இல்லாத ஊர் குறைவு. அந்த நம்பிக்கையை யாரும் கேலி செய்யவில்லை. ஆனால் எழுத்துச் சான்று எதுவும் இல்லை.

சான்று தாய்ப்பங்கில் கிடைத்தது. ஞானஸ்நானத்துக்கும் திருமணத்துக்கும் பங்குதோறும் பதிவேடு வைக்க வேண்டும் என்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் 1563இல் வகுத்த விதியால், மிஷன் ஊர்களிலும் சாமியார்கள் ஏடு வைத்தார்கள். தாய்ப்பங்கு அலுவலக பீரோவின் அடித்தட்டில் அவை இருந்தன. தோல் அட்டை உரிந்து, இரும்பு மை ஊறிய இடத்தில் காகிதம் எழுத்தோடு சேர்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. யாரோ நல்ல எண்ணத்தில் சில பக்கங்களுக்கு செல்லோடேப் ஒட்டியிருந்தார்கள். டேப் பழுப்பேறி, அதன் அடியில் இருந்த எழுத்து மற்ற எழுத்தைவிட மோசமாகிவிட்டது. பழைய ஏடு வைத்திருக்கும் பங்குகளுக்கு ஒரு வேண்டுகோள்: டேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். வெளுக்காத பருத்தித் துணியில் சுற்றி, தரையில் படாமல் படுக்க வையுங்கள்.

எழுதியிருந்தது இலத்தீனில். பழைய குருமடத்தில் படித்த ஓய்வுபெற்ற சாமியார் ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து வாசித்துச் சொன்னார். பிரெஞ்சுக்காரர் காதில் விழுந்தபடி எழுதிய எங்கள் ஊர்ப்பெயர், ஐந்தாறு வேறு எழுத்துக்கூட்டலில், 1850களிலேயே வருகிறது. பிறகு சில ஆண்டுகள் காணாமல் போய் 1860களில் திரும்புகிறது. ஊரே காலியாகிவிட்டதோ என்று முதலில் நினைத்தோம். பாட்டிதான் விளக்கினார்: கோவா சாமியார் பக்கம் ஒரு கூட்டம், சேசு சபைச் சாமியார் பக்கம் ஒரு கூட்டம் என்று ஊர் ரெண்டுபட்டுக் கிடந்த காலம் அது என்று அவருடைய அம்மாச்சி சொல்லியிருக்கிறார். இங்குள்ள திருச்சபையை நடத்தப் போர்ச்சுக்கல் அரசுக்கு இருந்த, கோவா சாமியார்கள் சார்ந்து நின்ற பதுரவாதோ என்ற உரிமைக்கும் உரோமையின் நேரடி ஆட்சிக்கும் நடந்த அந்த வழக்கு 1886 உடன்படிக்கையில்தான் ஓரளவு அடங்கியது. அந்த ஆண்டுகளில் ஊர்ப் பிள்ளைகள் வேறு சாமியாரின் வேறு ஏட்டில் பதிவாகியிருக்க வேண்டும். பெரிய வரலாற்று நூல்களில் வரும் சண்டை எங்கள் ஊருக்கு ஒரு வெற்றிடமாக வந்து சேர்ந்திருக்கிறது. வாய்மொழி இல்லாமல் அந்த வெற்றிடத்தை வாசித்திருக்கவே முடியாது.

குழு எடுத்த முடிவு இது. விழா கோயில் கட்டடத்தின் நூற்றாண்டு மட்டுமே. சமூகத்தின் வயது அதைவிட மூத்தது, ஆனால் தொடக்க ஆண்டு என்று ஒன்றைப் போடுவதில்லை. புளியமரக் கதை "ஊரார் சொல்வது" என்ற தலைப்பில் தனியே வரும். அழைப்பிதழில் "300 ஆண்டு" என்று போட ஏற்கனவே எழுதிக் கொடுத்தவர்களுக்கு வருத்தம்தான். ஆனால் அடுத்த தலைமுறை அந்த எண்ணை அச்சில் பார்த்துவிட்டால் அதைச் சான்றாகவே எடுத்துக்கொள்ளும் என்பதால் பங்குத்தந்தை உறுதியாக நின்றார்.

பதிவேட்டின் ஓரத்தில் இருந்தவை

ஆண்டைத் தேடிப் போன இடத்தில்தான் இந்த வேலையின் உண்மையான விளைச்சல் கிடைத்தது.

ஞானஸ்நான ஏட்டில் ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் வெறுமையாக ஓர் ஓரம் இருக்கும். 1908 முதல், ஒருவருக்குத் திருமணம் எங்கே நடந்தாலும் அதை அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் தெரிவித்து அந்த ஓரத்தில் எழுத வேண்டும் என்பது திருச்சபை விதி. அதனால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் ஓரத்தில் கொழும்பு வருகிறது, கண்டி வருகிறது, ரங்கூன் வருகிறது. தேயிலைத் தோட்டத்துக்கும் பர்மாவுக்கும் போனவர்களைப் பற்றி வீடுகளில் "கப்பலேறிப் போனவுக" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இந்த ஓரக்குறிப்பில் நாள், கோயில், மணப்பெண் பெயர் எல்லாம் இருக்கிறது. ஒரு பெரியவர் தன் தாத்தாவின் தம்பிக்கு ரங்கூனில் குடும்பம் இருந்ததை இந்த ஏட்டில்தான் முதன்முதலாக அறிந்தார். நெடுநேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடுத்தது தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரையிலான பக்கங்களில் கையெழுத்தே மாறுகிறது. முன்னெல்லாம் நிறுத்தி நிதானமாக எழுதியவர் இப்போது சுருக்கி எழுதுகிறார். "சாகும் ஆபத்தில்" என்ற குறிப்பு வரிசையாக வருகிறது. ஆபத்து வேளையில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது திருச்சபை வழக்கம். குழந்தை பிழைத்தால் மற்றச் சடங்குகளைச் சாமியார் பின்னால் நிறைவேற்றுவார். அதற்காக உபதேசியார்களுக்கும் மருத்துவச்சிகளுக்கும் சொல்லிக் கொடுத்து வைத்திருந்தார்கள். எங்கள் ஊர்ப் பதிவுகளில், பஞ்சத்துக்கு முன்னும் பஞ்சத்திலும் அதற்குப் பின்னும், ஞானஸ்நானம் கொடுத்தவர் இடத்தில் ஒரே மருத்துவச்சியின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது.

அந்த ஏட்டில் சாதியையும் குறித்திருந்தார்கள். அந்த மருத்துவச்சியின் சொந்தப் பிள்ளைகளின் பதிவைத் தேடி எடுத்தபோது அவர் தலித் மக்கள் வாழும் கீழத்தெருக்காரர் என்று தெரிந்தது. அவர் தண்ணீர் ஊற்றிய குழந்தைகளில் ஊர்த்தெருக் குழந்தைகள் நிறைய. பேரவையில் உட்கார்ந்திருக்கும் பலருடைய முன்னோர்கள் அவர் கையால் கிறிஸ்தவர்கள் ஆனவர்கள்.

வடக்கு வாசல்

கோயில் சிலுவை வடிவில் கட்டப்பட்டது. அதன் வடக்குக் கைக்குத் தனி வாசல் உண்டு. நெடுங்காலம் கீழத்தெரு மக்கள் அந்த வாசல் வழியாக வந்து அந்தக் கையில்தான் உட்கார்ந்தார்கள். நற்கருணை கடைசியில்தான் அவர்களுக்கு வரும். திருவிழாச் சப்பரம் ஓடையைத் தாண்டாது. கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சுவர். கோயிலுக்குள் இருந்த வழக்கம் 1960களில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், பூசை தமிழுக்கு மாறிப் பீடமும் மக்களைப் பார்த்துத் திரும்பிய காலத்தில் மெல்லத் தேய்ந்தது. கல்லறைச் சுவர் தேயவில்லை.

இது எங்கள் ஊரில் மட்டும் நடந்ததல்ல என்பதையும் சொல்ல வேண்டும். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாக இரண்டு கூடங்கள் பீடத்தில் வந்து சேரும்படி 1872இல் கோயில் கட்டினார்கள். நடுவே இருந்த தடுப்பை 1910இல் கௌசானல் அடிகளார் இடித்தார். பிரிவினை வேண்டும் என்றவர்கள் தொடுத்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிற்று. அவர்கள் கேட்ட உரிமை கிடைக்கவில்லை. அந்த இடிப்பைப் பெருமையாகப் பேசும் நம்மில் பலர், நம் ஊர்க் கல்லறைச் சுவரைப் பற்றிப் பேசுவதில்லை.

மருத்துவச்சியின் பதிவுகளையும் வடக்கு வாசலையும் ஒரே கட்டுரையில் சேர்த்து எழுதினோம். வரைவைப் பேரவையில் வாசித்தபோது எதிர்ப்பு வந்தது. மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்தார். "சாமி, விழா எடுக்கிறது சந்தோசத்துக்கு. புண்ணைக் கிளறுறதுக்கா? இப்ப யாரு தனியா உக்கார்றா? இதைப் போட வேணாம்" என்றார். இன்னும் சிலர் தலையாட்டினார்கள். அந்தப் பேச்சில் பகை இல்லை, பயம் இருந்தது. மலரைப் பார்த்து வெளியூர்ச் சம்பந்திகள் என்ன நினைப்பார்கள் என்ற பயம்.

நாங்கள் எதிர்பாராத தயக்கம் கீழத்தெருவிலிருந்து வந்தது. அங்கே போய் வரைவை வாசித்தபோது இளைஞர்கள் ஒரு வரியையும் குறைக்கக் கூடாது என்றார்கள். பெரியவர் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "வாத்தியாரே, நடந்ததைப் போடுங்க. பேரைப் போடாதீங்க. எங்க பிள்ளைக சர்டிபிகேட் இருக்கு" என்றார்.

அவர் சொன்னது சின்ன விஷயமல்ல. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை முதலில் பெரும்பாலும் இந்துக்களுக்கு மட்டுமே கொடுத்தது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தது. கிறிஸ்தவராக மாறிய தலித்துகள் இன்றும் அதற்கு வெளியே நிற்கிறார்கள். கோயிலில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் என்று எத்தனையோ குடும்பங்கள் வாழ வேண்டியிருப்பது அதனால்தான். ஞானஸ்நானப் பெயரோடு குடும்ப வரலாற்றை அச்சடித்தால் யாரோ ஒரு பிள்ளையின் படிப்பும் வேலையும் ஆட்டம் காணலாம். கோயில் வடக்கு வாசலில் நிறுத்தியது, சட்டம் வெளியே நிறுத்தியது. இரண்டையும் சுமக்கிறவர்கள் தங்கள் பெயரை மறைத்துத்தான் தங்கள் வரலாற்றைச் சொல்ல முடிகிறது என்பது எனக்கு இன்றும் ஆறாத வேதனை.

எடுத்த முடிவுகள்

கட்டுரை வரும் என்று பங்குத்தந்தை முடிவு சொன்னார். வரைவைக் கேட்டவர்களில் யாரும் அதில் பொய் இருப்பதாகச் சொல்லவில்லை, வலிக்கும் என்றுதான் சொன்னார்கள் என்பது அவர் கொடுத்த காரணம். ஆனால் கீழத்தெரு கேட்டபடி எந்தக் குடும்பப் பெயரும் வராது. மருத்துவச்சியும் "மருத்துவச்சி" என்றே வருவார். அவர் வழிவந்தவர்களிடம் தனியாகக் கேட்டோம். அவர்களும் அதையே விரும்பினார்கள். ஒரு தெருவின் பெயர்களை மறைத்து மறு தெருவின் பெயர்களைப் போட்டால் மறைத்ததே அடையாளம் ஆகிவிடும். ஆகவே அந்தக் கட்டுரையில் யார் பெயரும் இல்லை. நான் இங்கே பெயர்களை விட்டதற்கும் அதுதான் காரணம்.

முறைப்படி மணமாகாத பெற்றோருக்குப் பிறந்ததாகக் குறிக்கப்பட்ட பதிவுகள் சில இருந்தன. அவற்றின் படம், எண், ஆண்டு எதுவும் வெளியே வராது என்று தீர்மானித்தோம். இதில் விவாதமே எழவில்லை.

ஏடுகளை நகலகத்துக்கு எடுத்துப்போக வேண்டாம் என்பது தாய்ப்பங்கு விதித்த நிபந்தனை. நல்ல நிபந்தனை. நகல் இயந்திரத்தில் கவிழ்த்து அழுத்தினால் முதுகு பிளந்துவிடும். ஜன்னல் ஓரத்தில் மேசை போட்டு, கைப்பேசியை ஒரு தாங்கியில் பொருத்தி, பிளாஷ் இல்லாமல் பக்கம் பக்கமாகப் படம் எடுத்தோம். ஊரின் கல்லூரி மாணவிகள் இதைச் செய்தார்கள். படங்களின் ஒரு பிரதி ஆயர் இல்லத்துக்கும் ஒன்று தாய்ப்பங்குக்கும் போயிற்று. எங்கள் பங்கில் இருப்பது எங்கள் ஊர் வரும் பக்கங்கள் மட்டும்.

மலர் வந்த பிறகு

விழா நாளில் மலர் வந்தது. ஊர்த்தெருவில் சில குடும்பங்கள் வாங்க மறுத்தன. வாங்கிய பிரதியைத் திருப்பிக் கொண்டுவந்து சாமியார் மேசையில் வைத்தவரும் உண்டு. அந்த ஆண்டு தலைக்கட்டு வரி வசூலில் முணுமுணுப்பு இருந்தது, ஆனால் வரி நிற்கவில்லை.

ரங்கூன் ஓரக்குறிப்பைப் படித்த வீடுகளிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எங்கள் வீட்டுப் பெயர் இருக்கிறதா, எங்கள் பூட்டி எந்த ஊர் என்று கேட்டார்கள். தேடிக் கொடுத்தபோது, தங்கள் மூதாதை ஒருவருக்கு அந்த மருத்துவச்சி தண்ணீர் ஊற்றியதைச் சிலர் கண்டார்கள். பேரவையில் எழுந்து எதிர்த்த பெரியவரின் குடும்பமும் அதில் ஒன்று. அவர் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. தன் பேச்சை மாற்றிக்கொண்டதாகவும் சொல்ல முடியாது. ஆனால் அடுத்த ஆண்டு சப்பரம் ஓடையைத் தாண்ட வேண்டும் என்று தீர்மானம் வந்தபோது அவர் எதிர்க்கவில்லை. சப்பரம் ஓடையைத் தாண்டிக் கீழத்தெருவின் முதல் முக்குவரை போய்த் திரும்பியது. தெருவுக்குள் போக வேண்டும் என்று கீழத்தெரு இளைஞர்கள் கேட்டதற்கு, தெரு குறுகல், சப்பரம் திரும்பாது என்று பதில் சொன்னார்கள். அளந்து பார்த்தவர்கள் திரும்பும் என்கிறார்கள். அது இன்னும் முடியாத பேச்சு.

கல்லறைத் திருநாளில் சாமியார் இரண்டு பக்கக் கல்லறைகளையும் ஒரே சுற்றில் மந்திரிக்கத் தொடங்கியிருக்கிறார். சுவர் நிற்கிறது. அடக்கம் இன்றும் தனித்தனியாகத்தான் நடக்கிறது. ஒரு கட்டுரை சுவரை இடித்துவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான், ஆனால் அது நடக்கவில்லை.

இனி எப்படிச் செய்யலாம்

முதலில் பெரியவர்களைக் கேட்க வேண்டும், ஏடு அப்புறம். ஓலைக் கோயில் பாட்டி மலர் அச்சாகும் முன்பே இறந்துவிட்டார். கோவா சாமியார் காலத்தைப் பற்றி அவர் சொன்னதில் பாதிதான் ஒலிப்பதிவில் இருக்கிறது. ஏடு இன்னும் சில ஆண்டு தாங்கும். எண்பதைத் தாண்டியவர்களின் நினைவுக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

வரைவை முதலில் யார் முன் வாசிப்பது என்பதும் முக்கியம். நாங்கள் பேரவையில் வாசித்துவிட்டுக் கீழத்தெருவுக்குப் போனோம். வரிசை மாறியிருந்தால், பெயர் வேண்டாம் என்ற கோரிக்கை தொடக்கத்திலேயே வந்திருக்கும், பேரவையின் பயத்தில் பாதியும் குறைந்திருக்கும். யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர்கள் தெருவில், அவர்கள் திண்ணையில், அவர்களுக்கு வசதியான மாலை நேரத்தில் முதலில் வாசிக்க வேண்டும். கோயில் வராண்டாவுக்கு வரச் சொல்லக் கூடாது.

சான்றிதழ் விஷயத்தை ஒவ்வொரு பங்கும் வெளிப்படையாகக் குழுவுக்குள் பேசித் தீர்த்த பிறகே பெயர்ப்பட்டியலில் கை வைக்க வேண்டும். குடும்ப மரம் வரைந்து சுவரில் மாட்டுவது, இணையத்தில் ஏற்றுவது எல்லாம் ஊர்த்தெருவுக்கு அழகாக இருக்கலாம். கீழத்தெருவுக்கு அது ஆபத்து.

உபதேசியார்களைப் பற்றிய கட்டுரை எங்கள் மலரில் ஒரு பக்கத்தோடு நின்றுவிட்டது. அவர்களின் வாரிசுகள் பலர் வெளியூரில் இருக்கிறார்கள். பழைய ஜெபப் புத்தகங்களும், வியாகுலப் புலம்பல் கையெழுத்துப் பிரதிகளும் அவர்கள் வீட்டுப் பரணில் இருக்கக்கூடும். கிளைக் கிராமங்கள் இரண்டு தங்களுக்கும் இந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கின்றன. அங்கே உபதேசியார் வீடுகளிலிருந்து தொடங்கச் சொல்லியிருக்கிறோம். தாய்ப்பங்கின் இறப்புப் பதிவேட்டை இன்னும் யாரும் படம் எடுக்கவில்லை. அதன் முன்பக்கங்களில் கறையான் ஏறியிருக்கிறது. தவக்காலம் தொடங்கும் முன் அதை எடுத்துவிட வேண்டும் என்று மாணவிகளிடம் பேசியிருக்கிறோம். ஜன்னல் ஓரத்து மேசையைத் தருவதாகத் தாய்ப்பங்குச் சாமியாரும் சம்மதித்திருக்கிறார்.